உன் காதுக்கு நான் சொன்ன கதை

எழில்,

போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால் எழுதுகிறேன். போனில் நான் ஒன்று சொன்னால் நீ "என்னம்மா? என்ன சொன்னே?" என்று கேட்பாய். இரண்டாம் தடவை சொல்வதற்குள் எனக்குத் தைரியம் போய்விடும். "சாப்டியான்னு கேட்டேன்டா" என்று பேச்சை மாற்றிவிடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது, அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். ஆபீசில் வைத்துப் பிரிக்காதே. அறைக்குப் போய், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி. பசியோடு இருந்தால் உனக்குக் கோபம் இரட்டிப்பாக வரும், உன் அப்பாவைப் போலவே.

நிச்சயதார்த்தத்தன்று இலக்கியாவின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. மாப்பிள்ளைக்குக் காது பொறந்ததுலேர்ந்தே இப்படியா? உங்க வழியில வேற யாருக்காச்சும் உண்டா?" என்று கேட்டார். பெற்றவள் கேட்கத்தான் செய்வாள். நாளைக்குத் தன் மகள் வயிற்றில் வரும் பிள்ளையை நினைத்துக் கேட்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "இல்லீங்க அத்தை, ஆறு வயசுல வாய்க்கால்ல குதிச்சு ஆட்டம் போட்டேன், காதுல தண்ணி போயி சீழ் வச்சிருச்சு" என்று சிரித்தாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயில் கேசரியை வைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தக் கேசரி எனக்கு இன்னும் இறங்கவில்லை எழில். ஏனென்றால் அந்த வாய்க்கால் கதை நான் கட்டியது. வாய்க்காலில் நீ குதித்தது உண்மை, சீழ் வைத்ததும் உண்மை. உன் காது மந்தமானது அதனால் இல்லை.

இன்னொன்றையும் இதோடு சொல்லிவிடுகிறேன். போன மாதம் நான் மயங்கி விழுந்தேனே, வெயில் என்று உன்னிடம் சொன்னேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மூத்திரக் கடுப்பு என்று குத்தாலம் கடைத்தெருவில் மெடிக்கல்காரரிடம் சொல்லி ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் வாசல் தெளிக்கும்போது கண் இருட்டி, கை நடுங்கி, வாளியோடு சாய்ந்துவிட்டேன். உன் சின்ன அக்காதான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனாள். டாக்டர் நல்ல பிள்ளை, உன் வயசுதான் இருக்கும். "ஏம்மா, நீங்க சுகர் மாத்திரை போடுறது அந்தக் கடைக்காரருக்குத் தெரியுமா?" என்றார். கடைக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "இதுவும் அதுவும் சேர்ந்தா சர்க்கரை தடால்னு எறங்கிடும்மா. ரெண்டு மாத்திரையும் நல்ல மாத்திரைதான். ஒண்ணு இருக்குறது இன்னொண்ணுக்குத் தெரியணும். வேற என்னென்ன போடுறீங்க, ஒண்ணுவிடாமச் சொல்லுங்க" என்றார். அதே கேள்வியை முப்பது வருஷத்துக்கு முன்னால் என்னிடம் இன்னொரு டாக்டர் கேட்டிருந்தார்.

அப்போது நீ இல்லை. உன் பெரிய அக்கா ஒன்றாம் வகுப்பு, சின்னவள் இடுப்பில். சத்துணவு வந்த புதிது. நம் தெருவில் பள்ளிக்கூடம் முடித்த பெண் நான் ஒருத்திதான் என்பதால் அமைப்பாளர் வேலை எனக்குக் கிடைத்தது. கிடைத்த அன்றே ஊர்த்தெருவில் சிலர், "அந்தத் தெரு ஆளு அளந்து போட்டு எங்க புள்ள திங்கணுமா?" என்று பேசினார்கள். இரண்டு மாதம் பாதித் தட்டு காலியாகவே கிடந்தது. பிறகு பசி ஜெயித்தது, பிள்ளைகள் வந்தார்கள். உன் அப்பா மீது அப்போது வழக்கு நடந்துகொண்டிருந்தது. அறுவடைக் கூலியை உயர்த்தாமல் வெளியூர் ஆளை இறக்கினார் மிராசுதார். உன் அப்பா சங்கத்து ஆட்களோடு போய் வரப்பில் மறித்து உட்கார்ந்தார். அறுவடையைத் தடுத்தார், அடிக்க வந்தார் என்று பதிவாகி, உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருந்தார். உள்ளூரில் அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. வாய்தாவுக்கு வாய்தா சீர்காழி கோர்ட்டுக்கு நடந்தார். நான்கு வயிறும் என் வேலையில்தான் ஓடியது.

அந்தச் சமயம் பார்த்து என் கழுத்தில் நெறி கட்டியது. முதலில் ஒன்று, அப்புறம் மூன்று, நெல்லிக்காய் அளவுக்கு. சாயங்காலமானால் காய்ச்சல். நம் தெருவில் கண்டமாலை என்பார்கள். படித்தவள் என்பதால் டி.பி.யாக இருக்குமோ என்று பயந்து உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. யாரும் தெரிந்தவர் இருக்க மாட்டார்கள் என்று தரங்கம்பாடிக்குப் போனேன். அங்கே டாக்டரம்மா ஊசி வைத்து உறிஞ்சிப் பார்த்துவிட்டு, டி.பி. என்றார். "இது கழுத்து நெறியில இருக்கு, நுரையீரல்ல இல்ல. யாருக்கும் ஒட்டாது, பயப்படாதே" என்றார். ஒட்டாது என்று எனக்குப் புரியும், ஊருக்குப் புரியுமா? டி.பி.க்காரி பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறாள் என்று ஒரு வார்த்தை கிளம்பினால் அன்றோடு வேலை போச்சு. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவருக்கு ரகசியம் பேச வராது, மெதுவாகப் பேசுகிறேன் என்று ஆரம்பித்தாலே தெருக்கோடியில் கேட்கும்.

மருந்து எழுதும்போது டாக்டரம்மா கேட்டார். "எத்தனை புள்ளைங்க?" இரண்டு என்றேன். "ஆபரேஷன் பண்ணியாச்சா?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை எழில், "ஆச்சுங்க" என்றேன்.

உனக்கு இது விசித்திரமாகத் தெரியும். அப்போது நம் பக்கத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அதுதான் பதில். இரண்டு பிள்ளை பெற்றவள் எங்கே போனாலும், ஜாதகம் கேட்பது மாதிரி, முதலில் அதைத்தான் கேட்பார்கள். "இல்லை" என்று சொல்லிவிட்டால் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசுவார்கள், தேதி குறிப்பார்கள், முகாமுக்கு வண்டி வரும் என்பார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால் மாதக்கணக்கில் வெயிட் தூக்கக் கூடாது. நான் அண்டா இறக்க வேண்டும், இடுப்பில் ஒன்று, வீட்டில் வழக்கு. அதனால் "ஆச்சு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவோம். நடவுக்குப் போகிற பெண்கள் எல்லாரும் சொல்கிற பொய், அது பொய் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. பிள்ளை உண்டாகாமலிருக்க நான் கிராம நர்ஸம்மாவிடம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா அடுத்ததாக, "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறியா?" என்று கேட்டார். ஆபரேஷன் ஆனவள் கர்ப்பத்தடை மாத்திரை போடுகிறேன் என்று எப்படிச் சொல்வாள்? "ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா" என்றேன். நர்ஸம்மாவிடம் டி.பி. மருந்தைச் சொல்லலாம் என்றால், அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து போகிறவர். ஆக, இங்கே வாங்கிய மாத்திரை அங்கே தெரியாது, அங்கே வாங்கிய மருந்து இங்கே தெரியாது. இரண்டையும் தெரிந்தவள் நான் ஒருத்தி, எனக்கோ மருந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சிவப்பு கேப்சூல், கூட இரண்டு மாத்திரை, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊசி. சத்துணவுக் கூடத்தைப் பூட்டிவிட்டு, "வக்கீலைப் பாத்துட்டு வரேன்" என்று மாயவரம் போய், பஸ் மாறி, தரங்கம்பாடி போய் ஊசி போட்டுக்கொண்டு திரும்புவேன். சிவப்பு கேப்சூல் போட்டால் மூத்திரம் சிவப்பாகப் போகும். அழுதால் கண்ணீர்கூட மஞ்சளாக வந்தது, ஜாக்கெட்டில் கறை விழுந்தது. நர்ஸம்மா கொடுத்த மாத்திரையையும் ஒரு நாள் விட்டதில்லை. ஒரு மாதம் தள்ளிப்போனது. நோய்க்காரியின் உடம்பு, வீரியமான மருந்து, நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஊசியையும் நிறுத்தவில்லை. ஐம்பது ஊசி போட்டேன். நெறி வற்றியது, காய்ச்சல் நின்றது, கன்னத்தில் சதை பிடித்தது. வயிறும் பெரிதானது.

நர்ஸம்மாவிடம் போனேன். "அட்டையைக் குடுத்தா ஒழுங்காப் போடணும். நீ படிச்சவ, நீயே இப்படியா?" என்று என்னைத் திட்டினார். தினமும் போட்டேன் என்று சத்தியம் பண்ணினேன், நம்பவில்லை. தரங்கம்பாடி போனேன். டாக்டரம்மா என் வயிற்றில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏம்மா, ஆபரேஷன் பண்ணியாச்சுன்னு சொன்னியே?" அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: "அந்தச் சிவப்பு கேப்சூல் ஈரலை முடுக்கிவிட்ரும். நீ வேற என்ன மாத்திரை போட்டாலும் ஈரல் அதை மளமளன்னு கரைச்சுத் தள்ளிரும். கர்ப்பத்தடை மாத்திரை உடம்புல நிக்கவே நிக்காது. சொல்லியிருந்தா வேற ஏற்பாடு பண்ணச் சொல்லியிருப்பேன்." எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வடிகால் மடையை அகலத் திறந்துவிட்டால் மேலே எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் வயலில் நிற்காதே, அதுதான். அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது. "அந்த ஊசியை உண்டானவங்களுக்குப் போட மாட்டோம்மா. வயித்துப் புள்ளையோட காது நரம்பைப் பாதிக்கலாம். பாதிக்காமலும் போகலாம். முன்கூட்டியே சொல்ல முடியாது." ஊசியை அன்றே நிறுத்தினார். மற்ற மருந்தை நிறுத்தக் கூடாது என்றார். வேண்டாம் என்றால் கலைத்துவிடலாம், ஆனால் தாமதிக்காதே என்று ஒரு வியாழக்கிழமையைச் சொன்னார்.

நான் கலைத்துவிடுவது என்றுதான் முடிவு செய்தேன் எழில். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் இந்தக் கடிதமும் ஒரு பொய்யாகிவிடும். மூன்றாவது பிள்ளை, அதற்குக் காதும் கேட்காது, புருஷன் ஜெயிலுக்குப் போனாலும் போவார். நான் என்ன செய்வேன் சொல். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று சீர்காழி கோர்ட்டுக்கே போனேன். அவர் வராந்தாவில் தூணில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கழுத்து நெறியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவருக்கு வந்தது பார், ஒரு கோபம்! "சீக்கை என்கிட்டயே மறைச்சியா? நான் என்ன மிராசுதாரா?" என்று கத்தினார். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. பிறகு டம்ளரைத் தரையில் வைத்தார். டீ ஆறிப்போனது.

"சொமக்கப்போறது நீ. வேணாம்னா வேணாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "காது மட்டும்தானா? வேற ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டார். காது மட்டும்தான் என்றேன். "பூ, இவ்ளோதானா! மைக் இல்லாம மூணு தெருவுக்குப் பேசுறவன் நான். எம் புள்ளைக்கு நான் பேசுறது கேக்காமப் போயிருமா? நான் கத்திப் பேசிக்கிறேன் புள்ள" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாகப் பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் நின்ற போலீஸ்காரர், "இந்தாம்மா, இது கோர்ட்டா சந்தையா?" என்று அதட்டினார். அந்த வியாழக்கிழமை நான் தரங்கம்பாடிக்குப் போகவில்லை.

நீ பிறந்தாய். ஒரு வாரம்கூடப் பொறுக்காமல் உன் அப்பா எவர்சில்வர் தட்டை உன் தலைமாட்டில் வைத்துக் கரண்டியால் ஓங்கி அடித்தார். நீ தூக்கிவாரிப்போட்டு வீறிட்டாய். "கேக்குதுடி! கேக்குது!" என்று மனுஷன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். தப்பித்தோம் என்று நினைத்தோம். ஒன்றாம் வகுப்பு டீச்சர்தான், பின்னாலிருந்து கூப்பிட்டால் நீ திரும்புவதில்லை என்று சொல்லி அனுப்பினார். தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தோம். இரண்டு காதிலும் மந்தம், வலதில் அதிகம், நரம்பில் குறை என்றார்கள். "வயித்துல இருக்கும்போது அம்மாவுக்கு ஏதாவது ஊசி, மருந்து போட்டாங்களா?" என்று அந்த டாக்டர் கேட்டார். நீ என் மடியில் உட்கார்ந்து என் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாய். உன்னை வைத்துக்கொண்டு எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. "இல்லீங்க" என்றேன். உன் அப்பா என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும், வாய்க்கால் தண்ணீரால் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன். "சொல்லிக்க. ஆனா அவன் பெரியவனானதும் நெசத்தை நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார். சாகும்வரை சொல்லவில்லை. ரகசியமே பேச வராத மனுஷன், எனக்காக அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது உனக்கு வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். சொன்ன சொல் தவறாமல் அவர் உன்னிடம் கத்திக் கத்தித்தான் பேசினார். சோறு ஊட்டும்போதும் கத்தல், கதை சொல்லும்போதும் கத்தல். நீ பிளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள் மாயவரம் பஸ்ஸில், "எழிலு! முறுக்கு வாங்கவா?" என்று கத்தினார். உன் கூடப் படிக்கிற பிள்ளைகள் சிரித்தார்கள். "ஏம்பா மேடையில நிக்குற மாதிரி கத்துறீங்க? மானம் போவுது" என்றாய். அவ்வளவுதான். அன்றிலிருந்து உன்னிடம் மட்டும் குரலை இறக்கிவிட்டார். இறக்கினால் உனக்குப் பாதி கேட்காது, கேட்டது மாதிரி தலையாட்டுவாய். நீ ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை என்று அவர் பேச்சையே குறைத்துக்கொண்டார். "அப்பா முன்ன மாதிரி என்கிட்ட பேசுறதில்ல" என்று நீ பெரிய அக்காவிடம் சொல்லி அழுதாயாம். இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். அவர் ஏன் கத்தினார் என்று ஒரு வார்த்தை நான் உன்னிடம் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் காதைச் சொல்ல வேண்டும், காதைச் சொன்னால் ஊசியைச் சொல்ல வேண்டும். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டது மாதிரி இருந்துவிட்டேன். அவர் போய் ஆறு வருஷமாகிறது. ஊசி நான் அறியாமல் செய்த தப்பு. இது தெரிந்தே செய்தது. இதற்கு எனக்குச் சமாதானமே இல்லைடா.

இந்தக் காலத்து டாக்டர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். அந்த ஊசியால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் நம் வழியில் யாருக்கும் இல்லை. ஆகவே இலக்கியாவின் அம்மா பயப்படுவதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் இலக்கியாவிடம் சொல், அவளைக் கூட்டிக்கொண்டு காது டாக்டரிடம் ஒரு தடவை போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். "எங்கம்மா பொய் சொல்லிட்டாங்க" என்று தாராளமாகச் சொல். நீ சொல்லத் தயங்கினால் நானே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன், எனக்கு இனிமேல் என்ன வெட்கம். கல்யாணம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னாலும் சொல்லட்டும், வாய்க்காலை நம்பி அந்தப் பெண் உன் வீட்டுக்கு வர வேண்டாம். கல்யாணத்துக்கு அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் எந்த டாக்டரிடம் போனாலும் போடுகிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் அவர் மேஜையில் கொட்டுங்கள். சத்து மாத்திரை, தலைவலி மாத்திரை, நாட்டு மருந்து, எதையும் விடாதீர்கள். முக்கியமாக, அவள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவதை நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, நானும் யாரையும் உட்காரவிடவில்லை.

இந்த ஒரு மாதமாக ஒன்றையே திரும்பத் திரும்ப யோசித்துக் களைத்துவிட்டேன். அன்றைக்கு டாக்டரம்மா கேட்டதும், "ஆபரேஷன் ஆவலீங்க, மாத்திரை போடுறேன்" என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மாத்திரை போதாது என்று அவர் வேறு வழி சொல்லியிருப்பார். நான் உண்டாகியிருக்க மாட்டேன். கெடுவதற்குக் காதும் இருந்திருக்காது, கேட்பதற்கு நீயும் இருந்திருக்க மாட்டாய். உன் காதுக்காக உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், பெற்றவள் என்று பார்க்காதே. அப்பாவையும் உன்னையும் பேசவிடாமல் வைத்திருந்ததற்காக எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாது என்று மட்டும் என்னைச் சொல்ல வைக்காதே எழில். எத்தனை தடவை முயற்சி செய்தும் அதை என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மா